வெள்ளிக்கிழமைக்கு என்ன நிறம்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் யாரும் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது. வங்கி ஊழியர், ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது, எதையும் முறையாகத்தான் செய்வேன் என்கிற வியாதி. போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய மனைவி அவரிடம் ஒரு கேள்வி கேட்டார். கேள்வி ஒரு வரி. பதில் ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காகத் தன் டேப்லெட்டில் குறிப்பெழுதும் செயலி ஒன்றை இறக்கி, அதற்குள் ஒரு வருடத்துக்கான டிஜிட்டல் பிளானரைக் கட்ட ஆரம்பித்தார்.

இன்று வெள்ளிக்கிழமை. காலை மணி பதினொன்று. பிளானர் முக்கால்வாசி முடிந்துவிட்டது. பதில்தான் இன்னும் இல்லை.

இதில் ஒரு கதை இருக்கிறது என்று பட்டது. வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என்னிடமும் அதே செயலி இருப்பதால் அதிலேயே, நோட்டுப் புத்தகத்தின் கடைசியில் 'குறிப்புகள்' என்ற பக்கத்தில் எழுதுகிறேன். இங்கே யாரும் வரமாட்டார்கள்.

2

எப்படி ஆரம்பிப்பது? மூன்று ஆரம்பங்கள் எழுதினேன். வெட்கமில்லாமல் மூன்றையும் காட்டுகிறேன்.

ஒன்று: "ஜன்னல் வழியே நுழைந்த இளங்கதிர் அவருடைய டேப்பின் திரையைத் தொட்டு, விழித்தெழச் சொன்னபோது, அவர் உள்ளத்தில்"

உள்ளத்தில் ஒரு மண்ணும் இல்லை. அடுத்தது.

இரண்டு: "அவர் செயலியைத் திறந்தார். செயலி அவரைத் திறந்தது."

இதை எழுதி முடித்ததும் ஐந்து நிமிடம் என்னையே மெச்சிக்கொண்டேன். பிறகு திரும்பப் படித்தேன். இதற்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. விமர்சகர்கள் யாராவது சொல்லக்கூடும். அடித்துவிட்டேன்.

மூன்று: "முதலில் அட்டைப்படம்."

இது பரவாயில்லை. இதில் பொய் இல்லை. பிளானர் கட்டுகிற எவரும் முதலில் அட்டைப்படத்தில்தான் கைவைப்பார்கள். உள்ளே ஒரு நாள்கூட இல்லாத வருடத்துக்கு அட்டை.

ஆக: முதலில் அட்டைப்படம். திங்கட்கிழமை காலை முழுவதும் அவர் அதைத் தேடினார். மலை வேண்டாம், ரொம்ப உயரம். கடல் வேண்டாம், ரொம்ப ஆழம். கடைசியில் ஒரு மரமேஜை, மேஜைமேல் ஒரு கோப்பை, கோப்பைக்குப் பக்கத்தில் மூடிய புத்தகம். படத்தில் மனிதர்கள் யாரும் இல்லை. எடுத்துக்கொண்டார். மதியத்துக்கு மேல் இன்னொரு பிரச்சினை: வாரம் ஞாயிறில் தொடங்க வேண்டுமா, திங்களிலா? இதற்கு இரண்டு மணி நேரம். சிரிக்காதீர்கள். உங்கள் போனில் இறக்கிவைத்து ஒரே ஒரு நாள் மட்டும் நிரப்பிய செயலிகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டு வந்து சிரியுங்கள்.

செவ்வாயன்று இணைப்புகள். வருடப் பக்கத்தில் ஒரு மாதத்தைத் தட்டினால் அந்த மாதம் வர வேண்டும். மாதத்தில் ஒரு தேதியைத் தட்டினால் அந்த நாள் வர வேண்டும். நாளிலிருந்து மறுபடி மாதத்துக்குத் திரும்ப வேண்டும். முந்நூற்று அறுபத்தைந்து நாளையும் ஒவ்வொன்றாகக் கையால் இணைத்தார். ஆகஸ்டில் ஒரு நாளைத் தட்டினால் மார்ச் வந்தது. எங்கே தப்பு என்று தேடித் திருத்தியபோது அவருக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு நிம்மதி வந்திருக்காது.

புதன்கிழமை, ஸ்டிக்கர். தண்ணீர் குடித்ததைக் குறிக்க ஒரு துளி. நடைப்பயிற்சிக்கு ஒரு செருப்பு. மனநிலையைக் குறிக்க ஐந்து முகங்கள். ஐந்தில் நாலு முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

(இந்தச் செயலியை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவருடைய மச்சினன். ஆட்களை உட்காரவைத்து நேர நிர்வாகம் பற்றி வகுப்பெடுக்கிறவன். எந்த வகுப்புக்கும் சரியான நேரத்துக்குப் போனதில்லை. "மாமா, மூளையில இருக்கறதை எல்லாம் எடுத்து ஆப்புல போட்டுடுங்க. மூளை காலியாயிடும்" என்றான். அந்த மட்டும் அவன் சொன்னது நடந்துவிட்டது.)

3

வியாழக்கிழமைதான் கதையின் முக்கியமான இடம். அன்று அவர் பிரிவுகள் போட்டார். வேலைக்கு வெளிர் நீலம். வீட்டுக்கு சந்தன நிறம். உடம்புக்குப் பச்சை. இனி எதை எழுதினாலும் ஏதோ ஒரு நிறத்தின் கீழ் வந்தாக வேண்டும். அப்போதுதான் மனைவியின் கேள்வியை எடுத்தார். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில், மாலை ஐந்து மணிக்கு நேராக அதை எழுத வேண்டும். எழுதலாம். ஆனால் எந்த நிறத்தில்?

கேள்வி மனைவியின் வேலையைப் பற்றியது. ஆனால் நீலம் அவருடைய சொந்த வேலைக்கு. வீடு மாறுவது பற்றியதும்தான். ஆனால் சந்தன நிறத்தின் கீழே அதுவரை இருந்தவை குழாய், ஒட்டடை, பரணில் இருக்கும் பெட்டி. அரை மணி நேரம் யோசித்துவிட்டு நாலாவதாகச் சாம்பல் நிறத்தில் ஒரு பிரிவு போட்டார். 'மற்றவை' என்று பெயர் வைத்தார். அதில் முதல் வரி, 'தண்ணீர் வடிகட்டியின் உள்பாகத்தை மாற்றவும்.' இரண்டாவது வரி, 'அவளுக்குப் பதில்.'

பக்கத்து வீட்டுக்காரர் இதை என்னிடம் சொல்லும்போது ரொம்பத் திருப்தியாக இருந்தார். எல்லாமே ஒரு இடத்தில் வந்துவிட்டது என்றார். நானும்

[எந்தப் பக்கத்து வீட்டுக்காரர்? பக்கத்து வீடு ரெண்டு வருஷமா பூட்டிக் கிடக்கு.]

4

மன்னிக்க வேண்டும். மேலே சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும் வரியை நான் எழுதவில்லை. நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே என் கண்ணெதிரில் எழுத்தெழுத்தாக வந்து விழுந்தது.

என்ன ஆயிற்றென்று பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, செயலியை இறக்கிய கையோடு, மளிகைப் பட்டியல் பக்கத்தை மட்டும் என் மனைவியோடு பகிர்ந்துகொண்டேன். அவளும் தன் போனிலிருந்து சாமான்களைச் சேர்க்கட்டும் என்று. பக்கத்தைப் பகிர்வதற்கு ஒரு பொத்தான், முழு நோட்டையும் பகிர்வதற்கு அதன் கீழேயே இன்னொரு பொத்தான். நான் கீழே இருந்ததை அழுத்தியிருக்கிறேன். ஞாயிறிலிருந்து நான் போட்ட ஒவ்வொரு கோடும், மாற்றிய ஒவ்வொரு நிறமும் அவள் போனில் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறது. இந்தக் கதையும்.

அவள் இப்போது ஆஸ்பத்திரியில் வேலையில் இருக்கிறாள். இடைவேளை போல.

[ஆமா. இருபது நிமிஷம் இருக்கு. எழுதுங்க. வங்கி ஊழியர்னு எல்லாம் வேண்டாம், மூக்குக் கண்ணாடிக் கடைன்னே போடுங்க.]

5

சரி. மூக்குக் கண்ணாடிக் கடை.

நான்தான். பதினொரு வருடமாக இந்தத் தெருமுனையில் கடை. காலையிலிருந்து சாயங்காலம்வரை என் தொழிலே ஒரே ஒரு கேள்விதான். ஆளை உட்காரவைத்து, வட்டமான இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டி, கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுவா, அதுவா?" என்று கேட்பேன். சிலர் டக்கென்று சொல்வார்கள். சிலர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார்கள். அவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்னும் சிலர், லைசென்ஸுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று வருகிறவர்கள், காத்திருக்கிற நேரத்தில் சுவரிலிருக்கும் எழுத்துப் பலகையின் கடைசி வரியை மனப்பாடம் செய்துவிட்டு வந்து உட்காருவார்கள். கண்ணை மூடிக்கொண்டே ஒப்பிப்பார்கள். அதற்காகவே இரண்டாவது பலகை ஒன்று வைத்திருக்கிறேன். எல்லோரிடமும் நான் சொல்வது ஒன்றே: "யோசிக்காதீங்க. கண்ணு சொல்றதைச் சொல்லுங்க."

அவள் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நான் டேப்பில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எட்டு மணி நேரம் தள்ளி ஒரு ஊர்ல புதுசா யூனிட் திறக்கறாங்க" என்றாள். "பன்னெண்டு மிஷின். என்னை இன்சார்ஜா கூப்பிடறாங்க."

"நல்ல விஷயம்தானே."

"போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். தங்க இடம் குடுக்கறாங்க. படிவத்துல எத்தனை பேர்னு கேட்டிருக்கு. ஒருத்தர்னா ஒரு ரூம், ரெண்டு பேர்னா வீடு." ஒரு தலையணை உறையை உதறி நான்காக மடித்தாள். "நீங்க வர்றீங்களா?"

"நான் வேணா லீவுக்கு லீவு வந்து..."

"வந்து போற கதை வேண்டாம். ரயில்ல வர்ற விருந்தாளியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? வர்றீங்களா, இல்லையா? அவ்வளவுதான்."

"யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு."

சொல்லிவிட்டு மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் முகம் வாடியிருந்தது. கண்ணில்

[அழல. அழுதேன்னு எழுதப் போறீங்க, தெரியும். உள்ள போய் பீரோவுல துணி வெச்சேன். அவ்வளவுதான்.]

அழவில்லை. திருத்திக்கொள்கிறேன்.

6

இந்த மனைவி பாத்திரத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எழுத்தாளனாகச் சொல்கிறேன், கணவனாக அல்ல. பாத்திரம் கொஞ்சம் ஒரே மாதிரி இருக்கிறது. எப்போதும் சரியாகவே பேசுகிறது. குழப்பமே இல்லாத மனுஷி என்று ஒருத்தி இருக்க முடியுமா? வாசகர் நம்புவாரா? இவளுக்கு ஒரு தடுமாற்றம், ஒரு பலவீனம் வைத்தால் கதைக்கு நல்லது. உதாரணமாக, போகலாமா வேண்டாமா என்று அவளும் உள்ளுக்குள்

[பதினொரு வருஷத்துக்கு முன்னாடி நீங்க என்ன கேட்டீங்கன்னு எழுதுங்க. நான் என்ன சொன்னேன்னும் எழுதுங்க.]

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உண்மையைச் சொன்னால், மறந்தே போயிருந்தது.

அப்போது நாங்கள் வேறு ஊரில் இருந்தோம். அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தாள். அடுத்த வருடம் பதவி உயர்வு என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இங்கே இந்தக் கடை கைக்கு வந்தது. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் சமையலறை வாசலில் நின்று, "அங்கே ஒரு கடை வருது. போலாமா?" என்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எப்பக் கிளம்பணும்?"

அவ்வளவுதான் அவள் சொன்னது. கழுவிய தட்டை என்னிடம் நீட்டினாள். துடைத்துவைத்தேன். இங்கே வந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள், தன்னைவிடச் சின்னவர்களுக்குக் கீழே. நான் அதற்கு ஒரு பக்கமோ நிறமோ கொடுத்ததில்லை.

[இடைவேளை முடிஞ்சுது. நாலாவது மிஷின் கத்துது. ஒண்ணு மட்டும் சொல்றேன். நீங்க யோசிச்சதுக்கு எனக்குக் கோபம் இல்ல. நேத்து மத்தியானம் 'மற்றவை'ன்னு வந்துச்சு பாருங்க, வடிகட்டிக்குக் கீழ. அதைப் பார்த்தப்ப ஒரு பேஷண்டுக்கு ஊசி போட்டுட்டு இருந்தேன். போனைத் திருப்பி வெச்சுட்டேன்.]

7

மணி ஒன்று. சாம்பல் நிறத்தை அழித்தேன். பிரிவை அழித்தால் அதற்குள் இருப்பதும் சேர்ந்து அழிந்துவிடும் என்று செயலி எச்சரித்தது. வடிகட்டியும் அவளும் சேர்ந்து போனார்கள். இப்போது வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு நேராக ஒன்றும் இல்லை.

எனக்கு என்ன பிரச்சினை என்று ஒளிக்காமல் சொல்கிறேன். பயம். இந்தத் தெருவில் யாருக்கு எந்தக் கண்ணில் எவ்வளவு பவர் என்று எனக்குத் தெரியும். என்னைக் கண்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வணக்கம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே நான் யார்? இன்சார்ஜ் அம்மாவின் வீட்டுக்காரர். காலையில் அவளை அனுப்பிவிட்டு, காலியான வீட்டில், நாற்பத்தெட்டு வயதில், எங்கே போய் யாரிடம் இதுவா அதுவா என்று கேட்பேன்? இதைத்தான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அதற்குப் பதிலாக முந்நூற்று அறுபத்தைந்து இணைப்புகள் போட்டேன்.

கதை என்றால் முடிவு வேண்டும். முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

முடிவு அ: அவர் போகிறார். கடையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, இரும்புச் சட்டத்தையும் சில்லுப் பெட்டியையும் துணியில் சுற்றி எடுத்துக்கொள்கிறார். ரயிலில் அவள் ஜன்னலோரம் தூங்குகிறாள். புது ஊரில் ஒரு சின்ன அறையில், வாசலில் பலகைகூட மாட்டாமல், முதல் ஆளுக்குக் கண் பார்க்கிறார். (நன்றாகத்தான் இருக்கிறது. சந்தேகமாகவும் இருக்கிறது. என்னை நல்லவனாகக் காட்டுகிற எந்த முடிவையும் இன்று நான் நம்பத் தயாரில்லை.)

முடிவு ஆ: அவர் போகவில்லை. அவள் போகிறாள். பிளானர் ஒரு நாள்கூடப் பிசகாமல் நிரம்புகிறது. தண்ணீர்த் துளிகள் எட்டுக்கு எட்டு. சிரிக்காத அந்த ஐந்தாவது முகம் தினமும் ஒரே கட்டத்தில். (இது மட்டும் தடங்கல் இல்லாமல் வந்தது. எழுத்தாளனுக்கு இது நல்ல அறிகுறி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.)

முடிவு இ:

[அழிச்சுட்டேன். செயலி அப்டேட் ஆகி எல்லாமே காணாமப் போச்சுன்னு எழுதியிருந்தார். அது முடிவு இல்ல, ஓடறது. பஸ்ல இருக்கேன், வந்துட்டிருக்கேன்.]

8

மணி நாலரை. அவள் வந்துவிட்டாள். இப்போது எனக்கு எதிரே, சாப்பாட்டு மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறாள். செருப்பைக் கழற்றவில்லை. பையை நாற்காலியில் மாட்டினாள். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

"கதை முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிவு வரல."

"வராது."

"படிவத்தைக் காட்டு. இங்கேயே உட்கார்ந்து நிரப்பிடலாம்."

"புதன்கிழமையே அனுப்பிட்டேன்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "புதன்கிழமையா? அன்னிக்கு நான்..."

"துளி தேடிட்டு இருந்தீங்க. நீலத்துல மூணு துளி காட்டி எது நல்லாருக்குன்னு கேட்டீங்க. நடுவுல இருக்கறதுன்னு சொன்னேன். நீங்க மூணாவதைப் போட்டுக்கிட்டீங்க."

"எத்தனை பேர்னு போட்டே?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொன்னா அதையே உங்க பதிலாச் சொல்லிடுவீங்க. உங்க கடைக்குப் பலகையை மனப்பாடம் பண்ணிட்டு வர்றாங்களே, அவங்க மாதிரி." போனை எடுத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். "அஞ்சு மணி வரைக்கும் நம்பரை மாத்தலாம். நீங்க சொல்றதும் நான் போட்டதும் ஒண்ணா இருந்தா ஒண்ணும் பண்ண வேண்டாம். இல்லேன்னா மாத்தறேன்."

"ஒரு நிமிஷம்."

"யோசிக்காதீங்க" என்றாள். குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். "கண்ணு சொல்றதைச் சொல்லுங்க."

வாசகரே, நிலைமை இதுதான். அவள் போட்ட எண் எனக்குத் தெரியாது. நான் சொல்லப்போகும் எண் உங்களுக்குத் தெரியாது. முடிவு அ, முடிவு ஆ இரண்டும் மேலே இருக்கின்றன. உங்களுக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எடுக்கும் முன் அவள் முகத்தையும் கொஞ்சம் பாருங்கள். நான் அதைத்தான் இத்தனை நாளாகச் செய்யவில்லை. இப்போது பார்க்கிறேன். இடது புருவத்தில் ஒரு நரைமுடி இருக்கிறது. எப்போது வந்ததென்று தெரியவில்லை.

சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்துவிட்டது. உண்மையில் ஞாயிற்றுக்கிழமையே தெரியும். வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதற்கு இந்தத் திரையிலிருந்து கையை எடுக்க வேண்டும். எடுக்கிறேன். இதோ, இந்த வரியோடு எடுத்துவிடுகிறேன்.

[படிக்கிறவங்களுக்கு: இன்னும் எடுக்கல. எதிர்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். மணி அஞ்சாக நாலு நிமிஷம் இருக்கு.]